உடைமுள் ஊரில் பைக்குக்கு டிபிஎம்எஸ்: வாங்குவது முதல் அலாரம் வைப்பது வரை

போன வருஷம் களக்காட்டில் மாமனார் வீட்டிலிருந்து ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பினேன். பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பை, பை நிறைய தேங்காயும் வாழைக்காயும். நாங்குநேரி வந்து நாலுவழிச்சாலை ஏறி மூன்றடைப்பு நெருங்கும்போது வண்டியின் பின்பக்கம் சேற்றில் ஓடுவதுபோல நெளிய ஆரம்பித்தது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் பின் டயர் பாதிக்கு மேல் அமுங்கிக் கிடக்கிறது. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து டயர் காற்றைக் காட்டும் ஆப்பைத் திறந்த பிறகுதான் சிவப்பு எழுத்தில் 13 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) என்று காட்டியது. காலையில் 32 வைத்த டயர். டிபிஎம்எஸ் என்ற டயர் காற்றுக் கருவி மாட்டி அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. அலாரம் அடிக்கவே இல்லை, ஏனென்றால் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் அந்த ஆப்பையே உறங்க வைத்துவிட்டது.

மறுநாள் பஞ்சர் கடையில் அந்த டயரிலிருந்து எடுத்தது ஒரு விரல் நீளம்கூட இல்லாத வெள்ளை உடைமுள். நம்ம பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆட்டுக்காரர்கள் நெத்துக்காக உடைமரக் கிளையை ஒடித்துப் போடுவார்கள், வேலி அடைக்க இழுத்துப் போகும் வண்டியிலிருந்து நாலு முள் ரோட்டில் சிந்தும். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினாலும் முள் ஏறினாலும் காற்று உடனே போகாது, துளையை அதுவே அடைத்துக்கொண்டு ஒரு நாள், சில நேரம் மூன்று நாள் எடுத்துக் கசியும். கண்ணுக்குத் தெரியாத இந்த மெதுவான கசிவைப் பிடிக்கத்தான் டிபிஎம்எஸ். டயர் காற்றின் அழுத்தத்தை ஓடும்போதே அளந்து, குறைந்தால் சொல்லும் கருவி. வாங்கி மாட்டினால் மட்டும் சொல்லிவிடாது, அதை நான் காசும் பயமும் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் அதில் மாட்ட வேண்டாம் என்று வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் உங்கள் வண்டியைப் பாருங்கள், பிறகு கடையைப் பாருங்கள்

ஆர்டர் போடும் முன் நாலு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் போட்டோ, டயர் பக்கவாட்டில் அளவும் டியூப்லெஸ் அல்லது டியூப் டைப் என்ற எழுத்தும் இருக்கும் இடம். இரண்டாவது, கம்பெனி சொல்லும் காற்று அளவு ஒட்டிய ஸ்டிக்கர். செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்கார்மிலோ இருக்கும், கிழிந்திருந்தால் வண்டியோடு வந்த கையேட்டில் தேடுங்கள். முன் டயர், தனியாக ஓட்டும்போது பின் டயர், ஆளோடு ஓட்டும்போது பின் டயர் என்று மூன்று எண் இருக்கும். என் வண்டிக்கு 25, 28, 32. உங்களுக்கு வேறாக இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைக் கேட்டு வைக்காதீர்கள்.

மூன்றாவதும் நாலாவதும் முன், பின் சக்கரத்தின் வால்வு. இதுதான் முக்கியம், யாரும் பார்ப்பதில்லை. வால்வு ரப்பர் தண்டா, உலோகமா? நேராக நிற்கிறதா, வளைந்ததா? மூடியைச் சுற்றி எவ்வளவு இடம் இருக்கிறது? மூடிக்குப் பதிலாக மாட்டும் சென்சார் சாதாரண மூடியைவிட இரண்டு மடங்கு பருமன். சில வண்டிகளில் முன்பக்கம் பிரேக் காலிப்பரில் உரசும்.

ஸ்போக் வீலில் டியூப் டயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூடி சென்சார் உங்களுக்கும் மாட்டலாம், தினமும் காலையில் காற்று பார்க்க உதவும். ஆனால் டியூபில் முள் ஏறினால் காற்று பெரும்பாலும் சட்டென்று இறங்கிவிடும், அலாரம் அடிக்கும்போது உங்களுக்கே வண்டி ஆடுவது தெரிந்திருக்கும். அதற்காக மட்டும் செலவு செய்வதாக இருந்தால் யோசியுங்கள்.

2. எந்த வகை வாங்குவது

சென்சாரில் இரண்டு வகை. வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் திருகுவது ஒன்று. டயரைக் கழற்றி ரிம்முக்கு உள்ளே வால்வோடு சேர்த்துப் பொருத்துவது இன்னொன்று.

உள்ளே வைப்பது திருடு போகாது, அடிபடாது, டயரின் உண்மையான சூட்டையும் ஓரளவு சரியாகச் சொல்லும். ஆனால் பேட்டரி தீர்ந்தால் பெரும்பாலானவற்றில் சென்சாரையே மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறை டயர் மாற்றும்போதும் கடைக்காரரிடம் "உள்ளே சென்சார் இருக்கு, வால்வு பக்கம் நெம்பாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லியே ஆக வேண்டும். பஞ்சருக்காக டயருக்குள் ஊற்றும் திரவத்துக்கும் இதற்கும் ஆகாது, சென்சாரின் துளையை அடைத்துவிடும்.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு மூடி வகை போதும். நீங்களே மாட்டலாம், நீங்களே பேட்டரி மாற்றலாம், வண்டியை விற்றால் கழற்றி அடுத்த வண்டிக்குக் கொண்டு போகலாம்.

அடுத்த கேள்வி, எண்ணை எதில் பார்ப்பது. போனில் ப்ளூடூத் வழியாகக் காட்டுவது விலை குறைவு, என்னுடைய முதல் செட் அதுதான். இப்போது வைத்திருப்பது ஹேண்டில்பாரில் மாட்டும் சின்னத் திரை. பைக்கில் போகும்போது போன் பையில் இருக்கும், ஹெல்மெட்டுக்குள் அதன் சத்தம் கேட்காது. கண்ணுக்கு முன்னால் விளக்கு மினுக்குவது வேறு. கூடுதலாக ஆயிரம் ரூபாய் ஆனாலும் திரை உள்ளதையே வாங்குங்கள் என்பது என் தீர்மானமான கருத்து.

போன் வகைதான் முடியும் என்றால், மூன்று விஷயம் செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள். ஆப்புக்கு இருப்பிட அனுமதி கொடுங்கள், பழைய ஆண்ட்ராய்டு போன்களில் அது இல்லாமல் பக்கத்திலிருக்கும் ப்ளூடூத் கருவியைத் தேடவே விடாது. போன் அமைப்பில் பேட்டரி பகுதிக்குப் போய் இந்த ஆப்புக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றுங்கள். அறிவிப்புச் சத்தத்தை ஹெல்மெட்டில் உள்ள ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு வரச் செய்யுங்கள். பிறகு சோதனை: போனைப் பூட்டி அரை மணி நேரம் பையில் போட்டுவிட்டு, சென்சாரை லேசாகத் திருகிக் கொஞ்சம் காற்று விட்டுப் பாருங்கள். சத்தம் வந்தால்தான் அந்த செட் வேலை செய்கிறது. நான் இதைச் செய்யவில்லை.

3. செலவு, பில், வாரண்டி

மூடி வகைக்கு எனக்கு ஆன கணக்கு இது. திரையோடு இரண்டு சென்சார் 2,850 ரூபாய். டியூப்லெஸ் உலோக வால்வு இரண்டு 240. வால்வு மாற்ற டயர் கடைக் கூலி 200. கையில் வைத்திருக்க டிஜிட்டல் காற்றுமானி 450. உபரி பட்டன் பேட்டரி நாலு 200. மொத்தம் 3,940. போனோடு மட்டும் சேரும் செட் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும், உள்ளே வைக்கும் வகைக்குக் கூடுதலாகும். வெறும் சென்சார் விலையை மட்டும் மனதில் வைத்துக் கிளம்பினால் பாதி வழியில் நிற்பீர்கள், வால்வும் மானியும் அதோடு சேர்ந்த செலவுதான்.

பில் உங்கள் பெயரில், ஜிஎஸ்டியோடு இருக்கட்டும். ஆன்லைனில் வாங்கினால் பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், சென்சார் ஒன்று பேசாவிட்டால் திருப்பி அனுப்ப அதுதான் சாட்சி. திருப்பி அனுப்பும் கெடு பெரும்பாலும் சில நாட்கள்தான், அதனால் டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு "அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்" என்று இருக்காதீர்கள். சென்சார் மேலோ டப்பாவிலோ ஒரு அடையாள எண் அல்லது கட்டம் கட்டமான க்யூஆர் கோடு இருக்கும். அதைப் போட்டோ எடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள். மறுபடி இணைக்க, வாரண்டி கேட்க எல்லாவற்றுக்கும் அது வேண்டும்.

பழைய செட் குறைந்த விலைக்கு யாராவது கொடுத்தால், அவர் கணக்கிலிருந்து சென்சாரை விடுவித்துக் கொடுக்கச் சொல்லி, உங்கள் போனில் சேர்ந்த பிறகு காசு கொடுங்கள். சில ஆப்களில் முதலில் பதிந்தவர் விடுவிக்காமல் இன்னொருவர் சேர்க்க முடியாது.

வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் திரைக்காக ஒயரை வெட்டி இணைப்பு கொடுக்கும் வேலையே வேண்டாம். நாளைக்கு மின்சாரக் கோளாறு என்று போனால் அதைக் காட்டியே கைவிரிப்பார்கள். யுஎஸ்பியில் சார்ஜ் ஏற்றும் திரை எடுங்கள், கழற்றி வீட்டுக்குக் கொண்டு போகலாம்.

4. மாட்டும் முன் மூன்று காலை

இதைத் தாண்டிப் போகாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

வண்டியில் எழுதியிருக்கும் காற்று அளவு குளிர்ந்த டயருக்கானது. வண்டி நின்று குறைந்தது மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், வெயில் டயரில் விழாமல் இருக்க வேண்டும். காலை ஆறு மணி, வாசலில் நிற்கும் வண்டி, அதுதான் நேரம். கையில் உள்ள மானியால் முன், பின் இரண்டையும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று நாள்.

மூன்று நாளும் எண் ஏறக்குறைய அப்படியே இருந்தால் டயரும் வால்வும் சுத்தம். நல்ல டயரே மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பிஎஸ்ஐ இழக்கும், அது இயல்பு. மூன்று நாளில் இரண்டு குறைந்தால் ஏற்கெனவே எங்கோ கசிவு இருக்கிறது, முதலில் அதை அடையுங்கள். இல்லாவிட்டால் சென்சார் மாட்டிய பிறகு அதுதான் கசியவிடுகிறது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

பெட்ரோல் பங்க் மீட்டரை நம்பி இந்தக் கணக்கை எழுத வேண்டாம். ஒரு பங்க்கில் 28, அடுத்த பங்க்கில் 31 காட்டும். எதுவாக இருந்தாலும் ஒரே மானி, உங்கள் மானி.

5. மாட்டுவது

ரப்பர் வால்வாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஏன் என்று ஒரு கணக்கு சொல்கிறேன். சென்சார் எடை பத்து கிராம்தான். ஆனால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் சுற்றும்போது அந்தப் பத்து கிராம் வால்வை ஒன்றரை கிலோ பாரம் தொங்குவதுபோல இழுக்கிறது. ரப்பர் தண்டு ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்ந்து அடியில் வெடிப்பு விடும். நட்டுப் போட்டு இறுக்கும் உலோக வால்வு வாங்கும்போது ரிம் துளையின் அளவைப் பார்த்து வாங்குங்கள், பைக்குகளில் 8.3 மில்லிமீட்டர், 11.3 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு புழக்கத்தில் உண்டு. டயரை ஒரு பக்கம் இறக்கித்தான் மாற்ற வேண்டும், இரண்டு சக்கரத்துக்கும் ஒரு மணி நேரம் போதும். டயர் தேய்ந்து எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால் அதுவரை பொறுத்து ஒரே கூலியில் முடித்துவிடலாம்.

டியூப் டயரில் வால்வு அடியில் ஒரு நட்டு இருக்கும், அதை ரிம்மோடு வைத்து இறுக்காதீர்கள். காற்று குறைந்து டியூப் உள்ளே நகர்ந்தால் வால்வு சாய்ந்து உங்களுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். இறுக்கி வைத்திருந்தால் சாயாமல் அடியோடு கிழிந்துவிடும்.

இனி வீட்டிலேயே. வண்டியை சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். காற்றை ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குச் சரிசெய்யுங்கள். சென்சார்களை ஆப்போடு அல்லது திரையோடு முதலில் இணைத்துவிட்டு, முன் எது பின் எது என்று பார்த்து எடுங்கள். பெரும்பாலும் மேலேயே எழுத்து இருக்கும், மாற்றி மாட்டினால் ராத்திரி ரோட்டில் தவறான டயரைத் தடவிக்கொண்டிருப்பீர்கள்.

செட்டோடு வரும் மெல்லிய லாக் நட்டை முதலில் வால்வில் முழுதாக இறக்குங்கள். அப்புறம் சென்சாரை விரலால் திருகுங்கள். இரண்டு மூன்று சுற்றில் 'ஸ்ஸ்' என்று காற்று வரும், பயப்படாதீர்கள், வால்வின் நடு ஊசியை சென்சார் அமுக்குகிறது. இன்னும் அரைச் சுற்றில் சத்தம் நிற்கும். விரலால் எவ்வளவு இறுகுமோ அவ்வளவுதான், பிளையர் வேண்டாம், உள்ளே உள்ள ரப்பர் வளையம் நசுங்கினால் அதுவே கசிவாகும். பிறகு லாக் நட்டை மேலே ஏற்றி சென்சாரோடு முட்டவைத்து, கூட வரும் குட்டி ஸ்பேனரால் ஒரு பிடி. திருட்டுக்கும் அதுதான் காவல், தானாகக் கழன்று விழாமலும் காக்கும்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சாதாரண மூடி இல்லாவிட்டாலும் வால்வு ஊசி காற்றைப் பிடித்து நிற்கும். மூடி சென்சார் அந்த ஊசியைத் திறந்து வைத்துக்கொண்டு, காற்றைத் தானே அடைத்து நிற்கிறது. சென்சார் உடைந்தால் காற்று போகும். அதனால்தான் உரசல் பார்ப்பது இவ்வளவு முக்கியம்.

சோப்பை ஒரு கிண்ணத்தில் கரைத்து நுரையை விரலால் எடுத்து சென்சாரும் வால்வும் சேரும் இடத்தில் தடவுங்கள். இரண்டு நிமிஷம் அசையாமல் பாருங்கள். நுரை தானாக அடங்கினால் சரி. ஒரே இடத்தில் சின்னக் குமிழ் ஒன்று மெல்ல வீங்கி உடைந்து மறுபடி வீங்கினால் அங்கே கசிவு. எனக்குப் பின் சக்கரத்தில் அப்படித்தான் வந்தது, கடுகளவு குமிழ், ஐந்து விநாடிக்கு ஒன்று. கழற்றி வால்வு மரையைத் துணியால் துடைத்து மறுபடி மாட்டியதும் நின்றது. மண் துகள் ஒன்றுதான் காரணம்.

கடைசியாகச் சக்கரத்தைக் கையால், எஞ்சின் ஓடாமல், மெதுவாக முழுச் சுற்று சுற்றுங்கள். பின் சக்கரம் நியூட்ரலில். முன் சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் வண்டியை உருட்டிக்கொண்டே பக்கத்தில் குனிந்து பாருங்கள். காலிப்பர், ஃபோர்க், ஸ்விங்கார்ம், செயின் எதற்கும் சென்சாருக்கும் நடுவில் உங்கள் சுண்டுவிரல் போக இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வளைந்த வால்வுக்கு மாறுங்கள், இல்லை அந்த வண்டிக்கு உள்ளே வைக்கும் வகையைத் தேடுங்கள்.

சென்சாரைக் கழற்றாமலே காற்று அடிக்கலாம் என்று மூன்று வாய் உள்ள ஒரு இணைப்பும் விற்கிறார்கள். காருக்கு எப்படியோ, பைக் வால்வில் அந்தக் கூடுதல் எடையைத் தொங்கவிட வேண்டாம்.

6. அலாரம் எண்ணை நீங்களே வையுங்கள்

பல செட்கள் கார் டயரை மனதில் வைத்த அளவோடு வருகின்றன. முன் டயருக்கு 25 வைக்கும் பைக்கில் மாட்டினால் முதல் நிமிஷத்திலிருந்தே குறைந்த காற்று அலாரம் கத்தும். எரிச்சலில் அலாரத்தையே அணைத்துவிடுவோம், பிறகு அது வெறும் கடிகாரம் மாதிரி ஹேண்டில்பாரில் உட்கார்ந்திருக்கும்.

முதலில் அலகை பிஎஸ்ஐ என்று மாற்றுங்கள். சிலவற்றில் பார் என்று இருக்கும், ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. குறைந்த எல்லையைக் குளிர்ந்த அளவிலிருந்து பதினைந்து சதவீதம் கீழே வையுங்கள். என் வண்டியில் முன் 25க்கு 21, பின் 28க்கு 24. மேல் எல்லையை இருபத்தைந்து சதவீதம் கூட்டி வையுங்கள், பின் டயருக்கு ஆளோடு வைக்கும் 32 என்ற எண்ணிலிருந்து கணக்கிடுங்கள், 40 வரும். முன்னால் 31. சூட்டு எல்லையை வந்தபடியே விட்டுவிடலாம். மூடி சென்சார் காற்றில் வெளியே இருப்பதால் அது காட்டும் சூடு டயரின் சூட்டைவிடக் குறைவாகவே இருக்கும், அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

முன், பின் இரண்டுக்கும் ஒரே எண்தான் வைக்க முடியும் என்ற செட்டை வாங்கவே வாங்காதீர்கள். வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

7. முதல் வாரம்: சூடான எண்ணைப் பார்த்துக் காற்றை இறக்காதீர்கள்

மாட்டிய புதிதில் எல்லாரும் செய்யும் தப்பு இது, நானும் செய்தேன். அக்கினி நட்சத்திரம், மத்தியானம், பாளையங்கோட்டையிலிருந்து பணகுடிக்குப் போகிறேன். காலையில் பின்னால் 32 வைத்தது. வள்ளியூர் வரும்போது 36, 37 என்று ஏறுகிறது. டயர் வெடித்துவிடுமோ என்று நிறுத்தி, சென்சாரைக் கழற்றி, ஊசியை அமுக்கிக் காற்றை இறக்கி 32க்குக் கொண்டு வந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் 28. ஆளும் பாரமும் ஏற்றிக்கொண்டு நாலு பிஎஸ்ஐ குறைவாக ஓட்டி வந்திருக்கிறேன்.

டயர் ஓட ஓடச் சூடாகும், உள்ளே அடைபட்ட காற்றுக்குப் போக வழி இல்லை, அழுத்தம் ஏறும். பத்து டிகிரி சூடு கூடினால் ஒன்றரை பிஎஸ்ஐ அளவுக்கு ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ரோட்டில் மூன்று, நாலு ஏறுவது இயற்கை, கம்பெனி அதையும் சேர்த்துத்தான் குளிர்ந்த அளவைச் சொல்லியிருக்கிறது. அதற்கு மேல், ஆறு ஏழு என்று ஏறினால், வினோதமாகத் தோன்றும், ஆனால் காலையில் காற்று குறைவாக வைத்திருக்கிறீர்கள் என்றோ பாரம் அதிகம் என்றோதான் அர்த்தம். காற்று குறைந்த டயர் அதிகமாக நெளியும், நெளிந்தால் அதிகமாகச் சூடாகும்.

இதன் மறுபக்கமும் உண்டு. சீசன் நேரத்தில் குற்றாலம் போகும்போது ஆலங்குளம் வரை வெயில், பாவூர்சத்திரம் தாண்டியதும் சாரல். நனைந்த ரோட்டில் டயர் குளிர்ந்து இரண்டு பிஎஸ்ஐ இறங்கும். இரண்டு டயரும் சேர்ந்து இறங்கினால் அது தட்பவெப்பம். ஒரு டயர் மட்டும் இறங்கினால் முள். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் பதித்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

நின்ற வண்டியில் எண் உடனே வரவில்லை என்று கலங்க வேண்டாம். பேட்டரியை மிச்சம் பிடிக்க சென்சார்கள் உறங்கும், சக்கரம் சுற்ற ஆரம்பித்து ஓரிரு நிமிஷத்தில் விழிக்கும். ஓடும்போதும் சில நிமிஷத்துக்கு ஒருமுறைதான் எண்ணை அனுப்பும், காற்று சட்டென்று இறங்கினால் மட்டும் உடனே.

முதல் வாரம் காலை எண்ணைக் கையிலுள்ள மானியோடு ஒப்பிட்டு எழுதுங்கள். ஒன்று, ஒன்றரை வித்தியாசம் இருக்கலாம். எப்போதும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் பழகிக்கொள்ளலாம், ஒரு நாள் கூடவும் ஒரு நாள் குறையவும் காட்டினால் அந்த சென்சாரைத் திருப்பி அனுப்புங்கள்.

8. பங்க்கிலும் பஞ்சர் கடையிலும்

காற்று அடிக்க சென்சாரைக் கழற்ற வேண்டும், அதற்குக் குட்டி ஸ்பேனர் வேண்டும். பங்க்கில் பின்னால் நாலு வண்டி நிற்கும்போது அந்தப் பையன் கையிலேயே திருகிப் பார்ப்பான். நீங்களே இறங்கிக் கழற்றிக் கொடுங்கள், மறுபடி நீங்களே மாட்டுங்கள். பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம், அவசரப்பட்டு நகர வேண்டியதில்லை. சூடான டயரில் காற்று ஏற்ற வேண்டிய நிலை வந்தால், குளிர்ந்த அளவைவிட மூன்று கூட்டி வைத்துவிட்டு மறுநாள் காலையில் சரி பாருங்கள். நான் இப்போது சின்னக் கை பம்ப் ஒன்று வாங்கி வீட்டிலேயே காலையில் முடித்துவிடுகிறேன்.

9. அலாரம் அடித்தால்

சட்டென்று பிரேக் பிடிக்காதீர்கள். ஆக்சிலேட்டரை மெல்ல விடுங்கள், ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் நேராகப் பிடியுங்கள், திரையில் எந்த டயர் என்று ஒரு பார்வை. முன் டயர் என்றால் பின் பிரேக், பின் டயர் என்றால் முன் பிரேக், அதுவும் மெதுவாக. நல்ல டயர்தான் நிறுத்த வேண்டும். நாலுவழிச்சாலையில் இடது ஓரம் முழுதாக இறங்கி நில்லுங்கள்.

ஒரு நிமிஷம் திரையைப் பாருங்கள். இருபதுக்கு மேல் நின்று மெல்ல இறங்கினால், பின்னால் ஆள் இல்லாமல் முப்பது வேகத்தில் பக்கத்து ஊர் வரை போகலாம். எண் கண்ணுக்கு முன்னால் ஓடி இறங்கினால் அங்கேயே நில்லுங்கள். டயரில் முள்ளோ ஆணியோ தெரிந்தால் கை சும்மா இருக்காது. "பிடுங்கிராத தம்பி, அது இருக்க மட்டுந்தான் காத்து நிக்கும், அப்படியே கடைக்குக் கொண்டா" என்று எங்கள் தெரு பஞ்சர் கடை அண்ணாச்சி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

முள்ளை எடுத்து அடைத்த பிறகும் மூன்று காலை எண்ணைப் பாருங்கள். உடைமுள் உள்ளே ஒடிந்து ஒரு துண்டு தங்கியிருக்கும், ஒரே டயரில் ஒரே வாரத்தில் இரண்டு முறை எனக்கு நடந்திருக்கிறது.

10. பேட்டரி, உப்புக்காற்று, மழை

மூடி சென்சாரில் பெரும்பாலும் சிஆர்1632 பட்டன் பேட்டரி. ஒரு வருஷத்திலிருந்து இரண்டு வருஷம் வரும். நல்ல கம்பெனி பேட்டரியே போடுங்கள், மாற்றும்போது ரப்பர் வளையம் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது பிசகினால் ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே போய்விடும்.

உவரி, கூடங்குளம், இடிந்தகரை பக்கம் தினமும் ஓட்டுகிறவர்கள் மாதம் ஒருமுறை சென்சாரைக் கழற்றி மரையைத் துடைத்து மாட்டுங்கள். பித்தளை மரையும் அலுமினிய வால்வும் உப்பு ஈரத்தில் ஒன்றோடொன்று அரித்துப் பிடித்துக்கொள்ளும். "சும்மா விட்டுட்டியன்னா வால்வோட சேந்துல்லா வந்துரும்" என்றார் அதே அண்ணாச்சி, அப்படிப் பிய்ந்து வந்த ஒன்றை டப்பாவிலிருந்து எடுத்தும் காட்டினார். வால்வின் மரை சென்சாருக்குள் அப்படியே வெள்ளையாகப் பூத்து ஒட்டியிருந்தது.

சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் இரண்டு சென்சார் இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸ் செய்பவரிடம் வால்வு மேல் நேராகப் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய வால்வு மூடி இரண்டையும் தூக்கிப் போடாமல் கருவிப் பெட்டியில் வையுங்கள், சென்சார் பேட்டரி தீர்ந்து கழற்றும் நாளில் வால்வைத் திறந்த வாயோடு விட முடியாது.

குட்டி ஸ்பேனரை மட்டும் வீட்டில் வைக்காதீர்கள். நான் அதை வண்டிச் சாவி வளையத்திலேயே கோத்துவிட்டேன்.